சோதனை அழைப்பு

தாராவி மாடியறையில், பக்கமூடி கழற்றிய புதுக் கம்ப்யூட்டர் முன் வியர்வையோடு உட்கார்ந்திருக்கிறான் மாரிக்கண்ணன். உதிரிகள் வாங்கி அவனே பூட்டியது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உறைந்துபோகிறது, ஏனென்றுதான் விளங்கவில்லை. ரேமை உருவித் துடைத்து, இடம் மாற்றிச் செருகியாயிற்று. இப்போது சோதிக்கிற சாக்கில், கோபித்துக்கொண்டு டோம்பிவிலி அக்கா வீட்டுக்குப் போய்விட்ட மனைவி விஜயராணியை வீடியோவில் அழைத்திருக்கிறான். கூரைத் தகரத்து ஓட்டை வழியே வெயில் ஒரு காசளவு வட்டமாகத் திரையில் அவள் நெற்றிமேல் கிடக்கிறது. “படம் தெளிவாத் தெரியுதா?” என்கிறான். “தெரியுது.” தொண்டையைச் செருமிக்கொள்கிறான். “எப்பம் வார?” அவள் முகம் அப்படியே நின்றுவிடுகிறது. இமைகூட அசையவில்லை. சனியன், மறுபடியும் உறைந்துவிட்டதா? திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு மௌஸை மெல்ல நகர்த்துகிறான். அம்புக்குறி அவள் கன்னத்தைக் கடந்து, பின்சுவரில் படபடக்கும் காலண்டர்வரை தடையில்லாமல் போகிறது.