ஆறு மணிக்குள் ஒரு முகம்

ஐந்து நாற்பது.

இன்று ஆறு மணியிலிருந்து கேரம் செயலியில் பெரியவர்கள் பெரியவர்களோடு, பிள்ளைகள் பிள்ளைகளோடுதான் பேச முடியும். அதற்குள் முகத்தைக் காட்ட வேண்டும்; வயதை அதுவே சொல்லிவிடுமாம்.

வகுப்பில் ஒரு வாரமாக இதே பேச்சு. ரேஷன் கடையில் கைரேகை, இங்கே முகம், அடுத்து எதைக் கேட்பார்களோ என்றாள் ஒருத்தி. ரெனிட்டா கண்மையால் மீசை வரைந்து காட்டியிருக்கிறாள். வயது பதின்மூன்று என்று வந்ததாம்.

வீட்டில் போனோடு நின்ற அவளுக்கு அதை நினைத்தும் சிரிப்பு வரவில்லை.

அவளுக்குப் பதினைந்து. செயலியில் பழக்கமான மிதுனுக்குப் பதினேழு. ஏழு மாதமாக ஒருநாள் விடாமல் ஆட்டம். ஆட்டத்தைவிடப் பேச்சுதான் அதிகம். கணக்கில் ஃபெயிலான அன்று அழுததை அவனிடம் மட்டும்தான் சொன்னாள். அவன் இல்லாமல் போனால் இனி யாரிடம் சொல்வாள்?

காலையில் அவன் முகத்தைக் காட்டியிருந்தான். பெரியவர் என்று வந்துவிட்டது.

"தாடியப் பாத்து மிஷின் ஏமாந்துடுச்சு," என்று எழுதியிருந்தான். "நீ உங்கம்மா மூஞ்சியக் காட்டிடு. ரெண்டு பேரும் ஒரே பக்கம் வந்துடலாம்."

அம்மா ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கொஞ்சம் இங்க பாரேன்."

"போட்டோவா? இருடி, மூஞ்சி கழுவிட்டு வரேன்."

இனித் தடுக்க முடியாது. கல்யாண வீடானாலும் ஆதார் மையமானாலும் அம்மாவுக்கு முகம் கழுவ வேண்டும், பவுடர் பூச வேண்டும், பொட்டைச் சரிசெய்ய வேண்டும்.

ஐந்து ஐம்பது.

குழாயில் தண்ணீர் விழும் சத்தம். அவள் போனைப் பிடித்தபடி நின்றாள். செய்ய வேறு எதுவும் இல்லாததால்தான் அந்த நினைப்பே வந்தது.

தாடி.

அவனுக்குத் தாடி இருப்பது அவளுக்குத் தெரியாது. கேமரா உடைந்துவிட்டது என்று ஏழு மாதத்தில் ஒரு படம்கூட அவன் அனுப்பியதில்லை.

அந்தக் கேமராவில்தான் காலையில் முகத்தைக் காட்டியிருக்கிறான்.

வீடியோ அழைப்பை அழுத்தினாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அழுத்தினாள். பாதியிலேயே துண்டித்தான்.

"அதெல்லாம் அப்புறம்," என்று எழுத்தாக வந்தது. "சீக்கிரம் அம்மாவக் காட்டு."

ஐந்து ஐம்பத்தாறு.

அம்மா வந்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். காதோரம் பவுடர் திட்டாக இருந்தது.

"ம், எடு."

அவள் போனை அம்மா பக்கம் திருப்பாமல் தன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். செயலி கண்ணைச் சிமிட்டச் சொன்னது.

சிமிட்டினாள். கண்ணில் நிறைந்திருந்தது வழிந்தது.

"எடுத்துட்டியா?" என்றாள் அம்மா, இன்னும் அசையாமல்.