பழைய பெயருக்குள்

தாயில்பட்டி வீட்டுக் கம்ப்யூட்டரில், இலவசமாகக் கிடைக்கும் ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் ஸ்டாண்டர்டு லைப்ரரியை, எல்லா புரோகிராம்களும் எடுத்தாளும் பொதுக் கோட் தொகுப்பைப் புகழேந்தி செதுக்கிக்கொண்டிருக்கிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடும் கோட் துண்டுகளில், வழக்கொழிந்த ஃபங்ஷன்களைப் பழைய புரோகிராம்கள் இன்னும் கூப்பிடுவதால் பெயரை மட்டும் விட்டுவைக்கிறான். உள்ளே இருக்கும் நாற்பது வரியை அழித்து, புதிய ஃபங்ஷனைக் கூப்பிடும் ஒற்றை வரியை வைக்கிறான். அடுத்ததில் கை வைக்கும்போது தரை தூக்கிப் போடுகிறது. ஜன்னல் கண்ணாடி சிதறிக் கன்னத்தைக் கிழிக்க, கீபோர்டில் ரத்தம் சொட்டுகிறது. பட்டாசுக் கம்பெனிப் பக்கம் கரும்புகை. அதற்குள் சரவெடி விடாமல் பொரிகிறது. போன வருஷம் அங்கே வெந்துபோன கையால் அவன் மனைவி வேலுத்தாய் ஃபோர்மேன் நம்பரை அமுக்கிக்கொண்டே இருக்கிறாள். பதிவேட்டில் மாற்றாத அவள் பெயரிலேயே இப்போது அங்கே வேலைக்குப் போகிறவள் அவள் தங்கை பாண்டிச்செல்வி. புகை வெளுக்கும் நேரத்தில் செல்போன் அலறுகிறது, போலீஸ்காரர் குரல்.

"வேலுத்தாய் வீடா? ஆறாம் நம்பர் ரூம் பதிவேட்டுல இருக்கற யாரும் தப்பல. பாடிய வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க."

"ஐயா, நாந்தேன் வேலுத்தாய். பாண்டிச்செல்வின்னு ஒரு புள்ள, எங்கன இருக்கான்னு பாருங்கய்யா."

காகிதம் புரளும் சத்தம் கேட்கிறது.

"அந்தப் பேர்ல இங்கன யாருமே வேல பாக்கலியேம்மா."