பின்னால் வந்த வெள்ளை வண்டி

"ஏங்க, அந்த வெள்ளை வண்டி இன்னும் நம்ம பின்னாடியே வருது."

கணவர் கண்ணாடியில் பார்த்தார். "வரட்டுமே. கடலோர ரோடு என்ன நம்ம அப்பன் வீட்டுச் சொத்தா? இந்தப் பக்கம் வாடகைக்கு விடறது எல்லாமே இதே வெள்ளை வண்டிதான்." சீட்டில் நெளிந்தார். "அத விடு, சீட்டை யாரு முன்னாடி தள்ளினது? முட்டி இடிக்குது."

"நான் எதுக்குத் தொடறேன்? உங்க தொப்பை முன்னாடி வந்திருக்கும்."

கலங்கரை விளக்கத்தடியில் 'ரெண்டே நிமிஷம்' என்று போட்டோவுக்கு இறங்கிய ஜோடி இது. தூங்கும் மகனுக்கு வியர்க்கக் கூடாதென்று வண்டியை அணைக்காமல், ஏசியை ஓடவிட்டுப் போன புத்திசாலிகள். போட்டோவில் அம்மாவுக்கு ஒரு கன்னம் பெரிதாகத் தெரிந்ததாம். ரெண்டு நிமிஷம் அரை மணியாகிவிட்டது.

பின்சீட்டில், கடற்கரைக் கடைகளில் தோரணமாகத் தொங்குமே, அந்த நீலத் துண்டைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு பிள்ளை சுருண்டு கிடந்தது.

வெள்ளை வண்டியின் விளக்கு மின்னியது. ஹாரன் அலறியது. 'பிள்ளை பிடிக்கும் கும்பல், உஷார்!' என்று காலையில்தான் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் செய்தி அனுப்பியிருந்தாள். இப்போது கணவரின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"நம்ம புள்ளையத்தாங்க குறி வெச்சிருக்கான்! மிதிங்க!"

அதுவரை வீரம் பேசியவரும் ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்தார். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளத்தில் கடல். வளைவில் டயர் சரளையில் வழுக்கியதும் அவள் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள்.

அடுத்த வளைவில், ரோடு போடும் ஆள் சிவப்புக் கொடியோடு நின்றார். அவருக்குப் பின்னால் ரோடு ரோலர். இனி ஓட வழியில்லை.

வெள்ளை வண்டியிலிருந்து ஒருவன் குதித்து ஓடிவந்தான். குள்ளமான ஆள்தான், ஆனால் பின்கதவைப் பிடித்து இழுத்த இழுப்பில் வண்டியே ஆடியது.

அவள் பின்சீட்டுக்குத் தாவி, கண்ணாடிக்கும் துண்டுக்கும் நடுவே கைகளை விரித்தாள். "என் புள்ளை மேல கை வெச்சே, கடிச்சுக் குதறிடுவேன்!"

அவன் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான்.

"உங்க புள்ளை அங்க, உங்க வண்டியில தூங்குதும்மா... இது என் பொண்ணு!"