புகார் கொடுத்தவர்

காலையில் சீட்டுக்கு வந்ததும் ரெக்கார்டு அக்கா முதலில் திறப்பது அந்த ஒரு ஃபைலைத்தான். காணாமல் போனவர்கள் பிரிவில் நாற்பதாயிரம் ஃபைல் கிடக்க, பதினெட்டு வருடத்துக்கு முன் எங்கோ தூரத்து ஊரில் காணாமல் போன இருபது வயதுப் பெண்ணின் ஃபைல். புகார் கொடுத்த கணவர் கடைசியாக எப்போது விசாரித்தார் என்ற வரியை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுவார்.

பழைய சாஃப்ட்வேரை மாற்ற வந்திருந்த புரோகிராமருக்கு இதைப் பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை. யாரு அக்கா இது என்று ஒருநாள் கேட்டே விட்டார். தெரிஞ்ச பொண்ணு என்றதோடு அக்கா நிறுத்திக்கொண்டார்.

"அந்த மனுஷனைச் சொல்லணும்க்கா. மாசம் தவறாம போன் பண்ணிக் கேட்டிருக்காரு பாருங்க."

அக்கா தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.

அந்த ஆபீஸ் லட்சணம் ஊரறிந்தது. ஆள் கிடைத்தாலும் நாலு மேசை தாண்டி, நாலு கையெழுத்து வாங்கி, புகார் கொடுத்தவருக்குத் தகவல் போவதற்குள் ஆறு மாதம் ஓடிவிடும். மேலதிகாரி லீவு என்றால் கேட்கவே வேண்டாம்.

புரோகிராமர் இதை ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கினார். புது சாஃப்ட்வேரில் ஒளிவு மறைவே கிடையாது. உள்ளே எழுதியிருக்கும் புரோகிராமை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்தார். முன்பின் தெரியாத யாரோ சிலர், முகத்தோடு முகத்தை ஒப்பிடும் பகுதியை இலவசமாகவே எழுதிக் கொடுத்தார்கள். அரசாங்கத்திடம் உள்ள அத்தனை போட்டோவிலும் தேடி, ஆள் பொருந்தினால் அந்த நொடியே புகார் கொடுத்தவரின் கைபேசிக்கு முகவரி, போன் நம்பரோடு தகவல் போய்விடும்.

அந்த நாலு கையெழுத்தும் இனி வேண்டாம் என்று ஆக்குவதற்குத்தான் அவர் படாத பாடு பட்டார். மூன்று மாதம் மீட்டிங் மேல் மீட்டிங் போட்டு, கெஞ்சி, சண்டை பிடித்து ஒவ்வொருவராகச் சம்மதிக்க வைத்தார். அக்கா மட்டும் கடைசிவரை கையெழுத்து இருக்கட்டுமே என்று சொல்லிக்கொண்டிருந்தார். பழைய ஆள், பழக்கம் விடுமா என்று எல்லோரும் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை காலை சாஃப்ட்வேர் ஓடத் தொடங்கியது. வரிசைப்படி போனால் அந்த ஃபைலின் முறை வர மாதக்கணக்காகும். அக்கா சந்தோஷப்படட்டும் என்று, அவரிடம் மூச்சு விடாமல் அதையே முதலில் போட்டார் புரோகிராமர். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பொருந்திவிட்டது.

"அக்கா, இங்க வாங்க. அந்தப் பொண்ணு கிடைச்சிடுச்சு."

அக்கா வந்து நிற்கவும், திரையில் பழைய போட்டோவுக்குப் பக்கத்தில் புதிது ஒன்று விரிந்தது. போன வாரம் ஆபீஸ் அடையாள அட்டைக்காக, வேண்டாம் வேண்டாம் என்றவரை வற்புறுத்தி உட்காரவைத்து புரோகிராமரே எடுத்த படம். அக்காவின் படம்.

"தகவல் போயிடுச்சா தம்பி?"

புரோகிராமர் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

"அவரு கையில சிக்கினா உயிரோட விடமாட்டாரு. அதனாலதான் ஓடி வந்தேன்." அக்கா கைப்பையை எடுத்தார்.

மேசைப் போன் அடித்தது. பழக்க தோஷத்தில் எடுத்துவிட்டார் புரோகிராமர். அவசரமே இல்லாத ஓர் ஆண் குரல்.

"அவ இப்ப சீட்டுல இருக்காளா?"