முதலில் ஒரு ட்ரையல்

"இன்னாம்மா மேகலா, ஒரு ஃபைலைத் தொறக்கறதுக்கு ஒரு கம்ப்யூட்டரையே பலி குடுக்கப் போறியா?"

மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து, நெட் கேபிளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள் மேகலா. ஆம்பூரில் அந்த ஷூ ஃபேக்டரியின் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. தன் மேஜையிலிருந்தே அத்தனையையும் இயக்குவாள். கிண்டலடித்தவர் மேனேஜர் புகழேந்தி. காலையில் அவருக்குத்தான் மெயிலில் அந்த ஜிப் ஃபைல் வந்திருந்தது. அனுப்பியது யாரென்று தெரியவில்லை.

"போன மாசம் நீங்க இப்படி ஒண்ணைத் தொறந்துதான் சார் ரெண்டு நாள் ஃபேக்டரி நின்னுச்சு. இன்னொரு வாட்டி வைரஸ் வந்தா வீட்டுக்குப் போய்டுன்னு மொதலாளி எங்கிட்ட சொல்லிட்டாரு."

"பின்ன, எங்கிட்டயா சொல்வாரு?"

அதற்குப் பிறகு பாதுகாப்பைப் பலப்படுத்தியவரும் புகழேந்தியேதான். எல்லாருடைய பாஸ்வேர்டையும் வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டார்.

"இப்ப நான் உஷாரும்மா. புதுப் பசை வந்தா மொதல்ல ஒரு ஜோடி ஒட்டிப் பாத்துட்டுதான லைனுக்குக் குடுக்கறோம்? எதுக்கும் ட்ரையல் வேணும். இதை என் கம்ப்யூட்டர்ல தொடவே இல்ல."

மனிதர் திருந்திவிட்டார் என்று மேகலாவுக்கு அப்படியொரு நிம்மதி.

ஃபைலைப் பிரிக்காமல், உள்ளே என்ன இருக்கிறது என்று பெயரை மட்டும் பார்த்தாள். ஒரே ஒரு பெயர். பில் என்று ஆரம்பித்து, பி.டி.எஃப். என்று நடித்து, நீளமாக இடம் விட்டு, கடைசியில் ஈ.எக்ஸ்.ஈ. என்று முடிந்தது.

"பாத்தீங்களா சார்? இது பில்லே இல்ல, புரோகிராம். தொறந்தா ஒரு செகண்டு கறுப்பா ஒரு கட்டம் வந்துட்டுப் போகும். அவ்ளோதான், சத்தமில்லாம உள்ள போய் உக்காந்துக்கும்."

"கரெக்ட்டும்மா!" புகழேந்தியின் முகம் மலர்ந்தது. "கறுப்புக் கட்டம்தான் வந்துச்சு. வேற ஒண்ணுமே வரலியேன்னுதான் உன்னைப் பாக்கச் சொன்னேன்."

"தொடவே இல்லைன்னீங்களே சார்?"

"என்னுதுல தொடலைன்னுதான சொன்னேன்? நீ சாப்பிடப் போனப்ப, உன்னுதுல ட்ரையல் பாத்தேன். உன் கம்ப்யூட்டருக்குத்தான பாதுகாப்பு ஜாஸ்தி!"