முதல் தோள்

குணசேகரனுக்கு வெட்கமே கிடையாது என்று ஊரே சொன்னது.

பின்னே? ஐயனாருக்குப் புரவி எடுக்கிறவர்கள் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெறும் மார்போடு மண்குதிரையைத் தூக்குவதுதான் வழக்கம். இந்த வருஷம் அத்தனை பேருக்கும் மஞ்சள் டீ-சர்ட் அடித்துக் கொண்டுவந்து இறக்கிவிட்டான். முதுகில் கொட்டை எழுத்தில், 'உபயம்: குணசேகரன் உரக்கடை, பொன்னமராவதி'.

"சாமி காரியத்துல ஒரக்கடை வெளம்பரமாப்பா?" என்று கேட்டார் பூசாரி நாகராசு.

"ஆமாங்க. எல்லாரும் இதப் போட்டாத்தான் மேளச் செலவு என்னுது. இல்லாட்டி நீங்களே பாத்துக்கங்க."

"வைகாசி வெயில்ல இம்புட்டுக் கெட்டித் துணியா? சாக்கு மாதிரில்ல தொங்குது!"

"ஐயனாரு காத்துக் குடுப்பாரு."

பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். மேளச் செலவை நினைத்து அடங்கினார்கள்.

செய்தி வந்தபோது நல்லதம்பி ஃபேனுக்கு நேரே உட்கார்ந்திருந்தார். குளித்து எழுந்தவர் மாதிரி உடம்பெல்லாம் வேர்வை. குணசேகரன் அவருக்கு ஒன்றுவிட்ட தம்பி. வரப்புத் தகராறில் பேச்சு நின்று பல வருஷமாகிறது.

புரவிக்கு முதல் தோள் கொடுப்பது நல்லதம்பி குடும்பத்து உரிமை. அவர் தோள் வைத்த பிறகுதான் மற்றவர்கள் தூக்க வேண்டும். இந்த வருஷம் வரவில்லை என்று அவர் சொல்லிவிட்டார். மகன் துபாயிலிருந்து பணம் அனுப்புகிறான், ஆளுக்குத் தலைக்கனம் என்று பேசிக்கொண்டார்கள்.

நிஜக் காரணம் அவருக்கும் மனைவி ராஜலட்சுமிக்கும் மட்டும்தான் தெரியும். புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். வெளியேயும் பரவியிருந்தது.

"ஆம்பளைங்களுக்கு ஊறுற ஹார்மோன்தான் இந்த நோய்க்குத் தீனி," என்று திருச்சி டாக்டர் சொல்லியிருந்தார். "ஊசி போட்டு அதக் கொறச்சா, தண்ணி பாய்ச்சாத களை மாதிரி வாடும். வேரு போகாது. ஆனா நாளத் தள்ளலாம்."

களை வாடியது உண்மை. ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. கூடவே ஆளும் வாடினார். தோளில் சதை வற்றியது. ஒரு காலத்தில் அதட்டினால் தெருவே அடங்கும். இப்போது டிவியில் குழந்தை அழுதால் கூடச் சேர்ந்து அழுகிறார். எல்லாவற்றுக்கும் மேலே, மார்பு இரண்டும் பெண்களுக்குப் போல வீங்கிவிட்டது.

"இதோட ஊரு முன்னால துண்டக் கட்டிட்டு நிக்கச் சொல்றியா? அதுக்குச் செத்துப்போகலாம் புள்ள."

இன்னொரு பயமும் இருந்தது. போன மாசம், ஆளில்லாத நேரம் பார்த்து பம்ப்செட்டில் குளித்துக்கொண்டிருந்தார். வரப்பில் குணசேகரனின் பைக் வந்து நின்றது. பார்த்தான். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து டீக்கடையில் யார் சிரித்தாலும் தன்னைத்தான் என்று குன்றிப்போனார்.

"இப்பத்தான் சட்டை போடலாமாம்ல. போய்ட்டு வாங்க," என்றாள் ராஜலட்சுமி.

"அந்தப் பய பேர முதுகுல சொமந்துக்கிட்டா?"

"தோள வச்சுட்டு மத்தவங்ககிட்ட விட்டுருங்க. பாரம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அடுத்த வருசம்..."

அவள் முடிக்கவில்லை. அவரும் முடிக்கச் சொல்லவில்லை.

போனார். கூட்டத்தோடு கூட்டமாக மஞ்சள் டீ-சர்ட்டில் நின்றார். மேளம் அதிர, முதல் தோள் வைத்தார். கண்ணீர் மீசையில் இறங்கியது. என்ன பக்தி பாரு என்றார்கள்.

குணசேகரனுக்கு நாள் முழுக்கத் திட்டுதான். வழக்கத்தைக் கெடுத்தவன் வெளங்கமாட்டான் என்று ஒரு பெரியவர் அவன் முகத்துக்கு நேரே மண்ணை வாரித் தூற்றினார். அவன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

ராஜலட்சுமிக்கும் அவனைப் பார்க்கவே பற்றிக்கொண்டு வந்தது. விளம்பரப் பைத்தியம்! புருஷன் முதுகில் அவன் பேர். அதைப் பார்க்கத்தான் இவ்வளவும் செய்தானோ?

கூட்டம் கலைந்து திரும்பும்போது எதிரே அவனே வந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள்.

"மதினி."

பல வருஷம் கழித்து அவன் கூப்பிடுகிறான். நின்றாள்.

அவன் அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டே கேட்டான்:

"அண்ணனுக்குச் சட்டை ஒடம்போட ஒட்டலையில்ல? அதுக்குத்தான் எல்லாருக்குமே கெட்டித் துணியில, பெரிய சைஸா எடுத்தேன்."