இரண்டு கிண்ணங்கள்

மதிய வெயில் கூரை ஓட்டை வழியாக இரண்டு பாய்களின் மேலும் ஒரே அளவாகத்தான் விழுகிறது. எதிர்காலத்திலிருந்து ஆயிரம் வருஷம் பின்னோக்கி வந்து மாட்டிக்கொண்ட இன்ஜினியர் கட்டிய நீராவிக் கொப்பரை போன வாரம் வெடித்ததில், குயத்தியின் இரண்டு இளந்தாரிப் பிள்ளைகளும் வெந்து, புண் சீழ் வைத்துக் கிடக்கிறார்கள். அவனோடு வந்து மாட்டிய மருந்துக்காரி, பூசணம் வளர்த்து வடித்த மஞ்சள் நீரைப் பெரியவன் தொடையில் சொட்டுச் சொட்டாக விடுகிறாள். சின்னவனுக்கு வேறு கிண்ணம். அதில் மஞ்சள் சாயம் கலந்த வெறும் தண்ணீர். குயத்திக்குப் புரியாத தங்கள் காலத்துப் பேச்சில் இன்ஜினியர் முணுமுணுக்கிறான். "அக்கா, ஜாடி நிறைய மருந்து இருக்கே. அவனுக்கும் ஊத்துங்களேன்." அவள் கை நிற்கவில்லை. "ரெண்டு பேரும் பிழைச்சா, மருந்தால பிழைச்சானா, தானா பிழைச்சானான்னு எப்படிடா தெரியும்? நம்ம காலத்துலயும் இப்படித்தானே பார்த்தாங்க." "சின்னவன் செத்துட்டா?" "அப்போ மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்." முந்தானையால் ஈ விரட்டிக்கொண்டிருந்த குயத்தி சட்டென்று அவள் காலைப் பிடிக்கிறாள். "தாயி, சின்னவன் சவலைப் பிள்ளை. அவனுக்கு மட்டும் ரெண்டு பங்கா ஊத்துங்க, புண்ணியமாப் போகும்." மருந்துக்காரி அவளைத் தூக்கி நிறுத்துகிறாள். அந்த இரண்டாவது கிண்ணத்தைச் சின்னவன் புண்ணின் மேல் தாராளமாக, கடைசிச் சொட்டு வரைக்கும் கவிழ்க்கிறாள். சின்னவன் முகம் தெளிகிறது. "குளுகுளுன்னு இருக்கும்மா" என்கிறான். குயத்தி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிடுகிறாள்.